தலைகீழாய் வந்த அறுபத்தெட்டு

அத்தியாயம் 11

பிரிஸில்லா அத்தை ஒக்கலிபுரத்து வீட்டு வாசலை மிதித்து ஒரு வருஷம் ஆகிறது. காரணம் சொத்துத் தகராறும் இல்லை, சம்பந்தத் தகராறும் இல்லை. ஹவுஸி.

வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒக்கலிபுரத்துக் கோயில் ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள். பங்குத் திருவிழாவன்று காலையில் பூசை, மத்தியானம் பிரியாணி, அதற்கப்புறம் ஹாலில் ஹவுஸி. மேடையில் ஒருவர் துணிப்பைக்குள் கைவிட்டு மரவில்லையை எடுத்து நம்பர் கூப்பிடுவார். உங்கள் டிக்கெட்டில் அந்த நம்பர் இருந்தால் அடிக்க வேண்டியது. டிக்கெட் முழுவதையும் முதலில் அடித்துக் கூவுகிறவருக்கு ஃபுல் ஹவுஸ். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தபடியே ஆட வேண்டி வந்ததால் டிக்கெட் போனில் திறக்கிற ஒரு இணையப் பக்கத்துக்குள் போயிற்று. போனது போனதுதான், மறுபடி காகிதத்துக்கு யாரும் திரும்பவில்லை. இப்போது கூப்பிட்ட நம்பரை அந்தப் பக்கமே அடித்துவிடும். ஜெயித்ததும் பட்டனை அழுத்துவது மட்டும் ஆடுகிறவர் வேலை.

அந்தப் பக்கத்தை எழுதியவன் ஜாய்சன். ஓஸ்வால்ட், டோரதி தம்பதிக்கு ஒரே பிள்ளை. ஆஞ்சலாவின் புருஷன்.

போன வருஷம் ஒரே நம்பரில் இரண்டு பேருக்கு ஃபுல் ஹவுஸ் விழுந்தது. ஒருத்தி டோரதி. இன்னொருத்தி ஓஸ்வால்டின் தங்கை பிரிஸில்லா. டோரதியின் புதுப் போனில் நம்பர் பட்டென்று அடிபட்டது, பட்டனை அழுத்திவிட்டாள். பிரிஸில்லாவின் பழைய போன் யோசித்து யோசித்து நம்பரை அடித்தபோது ஹாலே டோரதிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்தா ஜெயிக்கணும்னு புள்ள மெஷினை செட் பண்ணி வெச்சிருக்கான்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போன அத்தைதான், கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஈஸ்டருக்கு வரவில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோதுகூட மகள் ஆஷ்லியை மட்டும் அனுப்பி வைத்தாள்.

இந்த வருஷம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு நிபந்தனை. "அதே போனோடதான் வருவேன். பாக்கறேன், இந்த வருஷம் மெஷின் என்ன பண்ணுதுன்னு."

இந்த வருஷத்துப் பக்கத்தை எழுதியது ஜாய்சன் அல்ல, ஆஞ்சலா.

*

"பேசாம அத்தைக்கு ஒரு புது போன் வாங்கிக் குடுத்துடலாம் ஆஞ்சு" என்றான் ஜாய்சன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"குடு. போன வருஷம் நான் சொன்னது நிஜம், அதான் வாயை அடைக்கறாங்கன்னு ஊரெல்லாம் சொல்வாங்க."

"பழைய போன். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அதே போன்ல அத்தை தினம் சீரியல் பாக்கறாங்க. நிக்காம ஓடுது. ஒரே ஒரு கட்டத்தை அடிக்க மட்டும் ஏன் திணறணும்?"

ஜாய்சனுக்குச் சுருக்கென்றது. அவன் பெரிய கம்பெனியில் டீம் லீட். குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவன்தான் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். ஆஞ்சலா சில வருஷம் வீட்டிலிருந்துவிட்டு இப்போதுதான் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன ஆபீஸுக்குப் போய் வருகிறாள். அங்கே அவளுக்கு வேலையே திரையில் தெரிகிற பாகத்தை எழுதுவதுதான்.

"நான் ஒண்ணும் ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் அழிச்சுட்டு வரையல" என்றான். "பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, மாறினதை மட்டும்தான் மாத்துது. ஊரே அப்படித்தான் எழுதுது."

"அந்த ஒப்பிடறதுதான் ஜாய் பேஜாரு. ஒரு நம்பர் வந்தா மேல இருக்கற தொண்ணூறு கட்டம், கீழ அவங்க டிக்கெட்டுங்க, பக்கத்துல யார் யார் ஆடறாங்கன்னு பேருங்க, எல்லாத்தையும் புதுசா ஒரு தடவை கணக்குப் போட்டு, பழசோட வெச்சுப் பாத்து, கடைசில மாத்தறது ஒண்ணு ரெண்டு கட்டம். உன் போன் அதைக் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுடும். அத்தை போனுக்கு மூச்சு வாங்குது."

"அவ வந்தா வரட்டும்" என்று சமையலறையிலிருந்து டோரதியின் குரல் வந்தது. "ஆனா நான் விட்டுக் குடுத்தெல்லாம் ஆட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களை யாரு மம்மி விட்டுக் குடுக்கச் சொன்னா?" என்றாள் ஆஞ்சலா.

"சொல்வீங்க. உங்க மாமனார் மூஞ்சே சொல்லுதே."

ஓஸ்வால்ட் வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஆஞ்சலா செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"பொம்மனஹள்ளிக்கா மா?"

"ஆமா டாடி. அத்தையைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"இன்னிக்கும் அந்தப் போன் நின்னுச்சுன்னு வெச்சுக்கோ..." பிரஷ் நின்றது. "என் தங்கச்சியை நான் இனிமே சாவு வீட்லதான் பாக்கணும்."

ஆஞ்சலா அவரைப் பார்த்தாள். மனுஷன் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

"நிக்காது டாடி" என்றாள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்கிற தைரியத்தில் சொன்னாள்.

*

சில்க் போர்டு பக்கம் வாடகைக் கார் ஒரே இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் அந்த ரோட்டுக்கு லீவு கிடையாது.

பின் சீட்டில் பிரிஸில்லா அத்தை பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். ஒரு மூலை உடைந்து, பின் மூடி கழன்று விடாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பக்கத்தில் ஆஷ்லி. ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை அவளுக்கு. லீவு நாளில் வாயை மூட மாட்டாள்.

"ஆஞ்சலா அக்கா, நிஜமா சொல்லு. எங்கம்மா போனுக்காகவா புதுசா எழுதின?"

"அத்தை போன் மாதிரி எத்தனை போன் இருக்கு ஹால்ல? எல்லாத்துக்கும்தான்."

"என்ன பெருசா எழுதிட்டே?" என்றாள் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "அவன் எழுதினான், ஜவ்வு மாதிரி இழுத்துச்சு. நீயும் அதே வீடுதானே."

ஆஞ்சலா முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்தாள். "அத்தை, காகித டிக்கெட் காலத்துல டாடி ஒரு நம்பர் கூப்பிடுவாரு. அப்புறம் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு, அடுத்த வில்லையை எடுப்பாரு."

"ஹால்ல இறங்கி வந்து ஒவ்வொருத்தர் டிக்கெட்டையும் வாங்கிப் படிச்சு, உனக்கு இருக்கா, உனக்கு இருக்கான்னு பாப்பாரா?"

"பைத்தியமா? விடிஞ்சுடும்."

"போன வருஷப் பக்கம் அதைத்தான் பண்ணுச்சு அத்தை. ஒவ்வொரு நம்பருக்கும் முதல்லேர்ந்து எல்லாக் கட்டத்தையும் படிச்சுப் பாத்துச்சு. இப்ப நான் எழுதினதுல ஒவ்வொரு கட்டமும் தன் நம்பருக்கு மட்டும் காது குடுத்துட்டு உக்காந்திருக்கும். நாப்பத்திரண்டுன்னு கூப்பிட்டா நாப்பத்திரண்டு மட்டும் எந்திரிக்கும். மத்தது எல்லாம் சும்மா இருக்கும். அதுங்களை யாரும் தொடறதே இல்ல. போனுக்கு வேலையும் இல்ல."

"இதுக்கு ஏதோ பேரு இருக்குமே?" என்றாள் ஆஷ்லி.

"ரியாக்டிவ் ப்ரோக்ராமிங்னு சொல்வாங்க. ஒண்ணு மாறினா, அதை நம்பி நிக்கறது மட்டும் தானா மாறும். நம்பர் அடிபட்டா, இன்னும் எத்தனை பாக்கிங்கற கணக்கு அதைப் பாத்து மாறும். பாக்கி ஒண்ணும் இல்லன்னா பட்டன் அதைப் பாத்து எரியும். நடுவுல நாம போய் யாரையும் தட்டி எழுப்ப வேண்டாம்."

"எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லேன். ஒரு மருந்தை பில்லுல சேத்தா மொத்தத் திரையும் வெள்ளையாப் போய்ட்டு வருது. பேஷண்டு சொந்தக்காரங்க என்னைத் திட்றாங்க."

அத்தை போனை எடுத்து, ஆஞ்சலா அனுப்பியிருந்த லிங்கைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதோ! ஆரம்பிச்சுடுச்சு!"

"முதல்ல திறக்கறதுக்கு நேரம் எடுக்கும் அத்தை. அது நெட்டைப் பொறுத்தது, அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. திறந்தப்புறம் பாருங்க."

டிக்கெட் வந்தது. ஆஞ்சலா தன் போனிலிருந்து ஒத்திகைக்கு வைத்திருந்த பட்டனைத் தட்டினாள். அத்தையின் திரையில் ஏழு சிவப்பாயிற்று. இன்னொன்று. முப்பத்தொன்று. அடுத்தடுத்து வேகமாகத் தட்டினாள். தட்டத் தட்ட அந்த உடைந்த மூலைப் போனில் நம்பர்கள் பட்பட்டென்று அடிபட்டன.

அத்தை போனை முந்தானையால் ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சரி" என்றாள். "கார்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும். ஹால்ல உங்க மாமியா உக்காந்திருப்பாளே, அங்க ஓடணும்."

*

ஹாலில் பிரியாணி வாசனை இன்னும் போகவில்லை. மைக் செட் ரங்கா "ஹலோ, ஹலோ" என்று நாலு தரம் சொல்லிவிட்டு, "ஆய்த்து சார், பன்னி" என்று கன்னடத்தில் வரச் சொல்லி ஓஸ்வால்டிடம் மைக்கைக் கொடுத்தான்.

மேடையில் ஓஸ்வால்ட். கையில் துணிப்பை. பக்கத்தில் லேப்டாப்போடு ஜாய்சன்; அப்பா கூப்பிடுகிற நம்பரைத் தட்டி ஏற்றுவது அவன் பொறுப்பு. கம்ப்யூட்டரே நம்பரைப் போடட்டும் என்று கமிட்டியில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்கள். ஓஸ்வால்ட் கேட்கவில்லை. "மெஷின் கூப்பிட்டா ஜனங்க நம்புவாங்களா? என் கைக்கு ஒரு மரியாதை இருக்கு. இதுவரைக்கும் ஒரு நம்பர் தப்பாக் கூப்பிட்டேன்னு யாராவது சொல்லட்டும்."

இடப்பக்க மேஜையில் டோரதி. வலப்பக்கக் கடைசி மேஜையில் பிரிஸில்லா. நடுவில் ஹாலே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஞ்சலா சுவரோரமாக நின்றாள். அங்கிருந்து அத்தையின் போன் தெரிந்தது.

"முதல் நம்பர்! அஞ்சு! தனியா நிக்குது அஞ்சு!"

அத்தையின் திரையில் மேல் பலகையில் ஐந்து சிவப்பாயிற்று. அத்தை பக்கத்து மேஜைக்காரியின் போனை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே நேரம். அடுத்த நம்பருக்கும் எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்ததற்கும் பார்த்தாள். அப்புறம் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் டிக்கெட்டையே பார்க்க ஆரம்பித்தாள். ஆஞ்சலாவுக்கு அதுவே போதும் போலிருந்தது.

மேல் வரிசைப் பரிசு யாரோ ஒரு டீச்சருக்குப் போயிற்று. நடு வரிசை ஒரு ரயில்வேக்காரருக்கு. ஹால் சூடு பிடித்தது. ஜாய்சன் ஒரு தரம் மேடையிலிருந்து அத்தையின் மேஜையைப் பார்த்தான், பிறகு ஆஞ்சலாவைப் பார்த்தான். புருவத்தை மட்டும் உயர்த்தினான். 'ஓடுது' என்று அர்த்தம். அவன் வாயால் வருவதற்கு இன்னும் நாளாகும் என்று ஆஞ்சலா சிரித்துக்கொண்டாள்.

ஃபுல் ஹவுஸ் நெருங்கிற்று. பாதி ஹால் ஒரே ஒரு நம்பருக்காகக் காத்திருந்தது. எல்லோரும் அவரவர் நம்பரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெபமா, ஹவுஸியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஓஸ்வால்ட் பைக்குள் கைவிட்டார். வில்லையை எடுத்தார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எட்டு... ஒம்போது! எண்பத்தொம்போது!"

ஜாய்சன் தட்டினான்.

"ஹவுஸ்!" என்று ஒரு குரல் கூரையைப் பிளந்தது. "ஃபுல் ஹவுஸ்! எனக்கு!"

பிரிஸில்லா அத்தை. நாற்காலி பின்னால் விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து நின்று போனைத் தூக்கிக் காட்டினாள். ஆஷ்லி கை தட்டினாள். ஆஞ்சலா ஓஸ்வால்டின் முகம் மலர்ந்ததைப் பார்த்தாள்.

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

அவர் வில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் திருப்பினார். தலைகீழாக வந்தால் குழம்பாமலிருக்க ஆறும் ஒன்பதும் இருக்கிற வில்லைகளில் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு மேலே இருந்தது. திருப்பினால் கீழே வந்தது. அறுபத்தெட்டு.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "டேய், எண்பத்தொம்போது இல்ல. அறுபத்தெட்டு. மாத்துடா."

"மாத்தறதா? எப்படி மாத்தறது டாடி? எல்லாருக்கும் அடிபட்டுடுச்சு. அத்தை பட்டனையும் அமுக்கியாச்சு!" ஜாய்சன் வியர்த்துப்போய் ஆஞ்சலாவைக் கையாட்டிக் கூப்பிட்டான்.

அவள் மேடையேறிப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அந்த நம்பரை எடுத்துடு. அறுபத்தெட்டைப் போடு. வேற எதையும் தொடாத."

"கட்டம்? பாக்கிக் கணக்கு? அத்தை ஹவுஸ்னு அமுக்கின க்ளெய்ம்? ஒண்ணொண்ணா நான்..."

"எதையும் நான் தனியா எழுதி வைக்கல ஜாய். எல்லாமே கூப்பிட்ட நம்பரைப் பாத்துதான் நிக்குது. அது போனா இதுங்களும் போயிடும். எடு."

எடுத்தான். போட்டான்.

ஹால் முழுக்க எத்தனை போனோ, அத்தனையிலும் எண்பத்தொன்பது வெள்ளையாயிற்று, அறுபத்தெட்டு சிவப்பாயிற்று. எவர் போனும் திணறவில்லை, எந்தத் திரையும் வெளுத்துத் திரும்பி வரவில்லை. ஜாய்சன் தன் லேப்டாப்பையே பார்த்தான். "போன வருஷமா இருந்தா ஆட்டத்தையே நிறுத்தி எல்லாரையும் மறுபடி திறக்கச் சொல்லியிருப்பேன்" என்றான் மெதுவாக. அவன் வாயால் வந்துவிட்டது!

ஆஞ்சலாவுக்கு ஒரு நொடி பெருமை. ஒரே ஒரு நொடிதான்.

"என் நம்பர் எங்க?"

அத்தை போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப இருந்துச்சு. சிவப்பா இருந்துச்சு. பட்டனும் எரிஞ்சுச்சு. ஆஷ்லி, நீ பாத்தியா இல்லையா?"

அப்போதுதான் இடப்பக்க மேஜையில் டோரதியின் போன் எரிந்தது. டோரதி அதைப் பார்த்தாள். ஹாலைப் பார்த்தாள். அவள் விட்டுக்கொடுத்து ஆடுகிறவள் இல்லை. அழுத்தினாள்.

"ஹவுஸ்" என்றாள். ஆனால் குரல் பாதிதான் வந்தது.

ஹாலில் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள்.

"பாத்தீங்களா!" என்றாள் பிரிஸில்லா. "கண்ணு முன்னாடி என் நம்பரைப் புடுங்கி அண்ணி போன்ல போட்டுட்டாங்க! போன வருஷம் இழுத்தடிச்சாங்க. இந்த வருஷம் சுத்தமா வேலை கத்துக்கிட்டாங்க, சத்தமே இல்லாம எடுக்கறாங்க. ஆஷ்லி, பையை எடு."

அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆஞ்சலா வேகத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தாள். கட்டம் பட்டென்று மாறியது. ஏன் மாறியது என்று திரையில் ஒரு வரி கிடையாது. மெதுவாக மாறினாலும் சந்தேகம்தான். சொல்லாமல் மாறினால் அதைவிடச் சந்தேகம். இது நிச்சயமாகத் தன் தப்பு. அதை நாளைக்கே திருத்திவிடலாம். ஆனால் அத்தை இன்றைக்கல்லவா போகிறாள்?

"டாடி, மைக்ல சொல்லுங்க."

ஓஸ்வால்ட் வில்லையைக் கைக்குள் மூடிக்கொண்டிருந்தார். "என்னத்தைம்மா சொல்றது... மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நீ சொல்லிடேன். மெஷினை யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"மெஷின்ல கோளாறு இல்ல டாடி."

"தெரியும் மா. ஆனா இத்தனை வருஷத்துல நான்..."

"நான் அப்படிச் சொன்னா, அத்தை சொன்னது எல்லாம் நிஜம்னு ஆயிடும். போன வருஷமும் சேத்து. அப்புறம் அவங்களை எங்க பாப்பீங்கன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க."

வலப்பக்கத்தில் ஆஷ்லி பையை எடுத்துவிட்டாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சலாவைப் பார்த்தாள், ஏதாவது செய் என்பது போல.

"ஏங்க!" டோரதிதான், மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். "உங்க கையில என்ன இருக்குன்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. வாயில என்ன, கொழுக்கட்டையா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? இப்படி ஜெயிச்சுட்டு நான் எப்படிங்க நிம்மதியாத் தூங்கறது?"

ஓஸ்வால்ட் மைக்கை எடுத்தார். ஒரு தரம் தொண்டையைச் செருமினார். அது ஹால் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் மன்னிக்கணும். மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. தலைகீழாப் படிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு மைக்கை ரங்காவிடம் கொடுத்தார். படியில் இறங்கி, ஹாலின் நடுவே நடந்து, கடைசி மேஜைக்குப் போனார். தங்கையின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் வில்லையை வைத்தார்.

பிரிஸில்லா வில்லையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் தப்பாவே கூப்பிட மாட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தியேண்ணா" என்றாள்.

"இருந்தேன்."

"போச்சா?"

"போச்சு."

எங்கேயோ ஒருவர் சிரித்தார். அடுத்த மேஜை சிரித்தது. பிரிஸில்லா சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள்.

"அப்ப போன வருஷம்? அதுவும் வில்லையா?"

இது ஜாய்சனுக்கு. ஆஞ்சலா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவனே எழுந்தான். மைக் வேண்டாம் என்று ரங்காவுக்குக் கை காட்டிவிட்டு, மேடையிலிருந்தே சத்தமாகச் சொன்னான்.

"போன வருஷம் உங்க போன் மேல தப்பில்ல அத்தை. நான் எழுதினது கனம். உங்க போன் தூக்க முடியாம தூக்குச்சு. நான்தான் போன் பழசுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"செட் பண்ணலையே?"

"செட் பண்ற அளவுக்கு மூளை இருந்தா நல்லாவே எழுதியிருப்பேனே அத்தை!"

இந்தத் தடவை பிரிஸில்லாவின் வாய் கோணிற்று. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஹால் அவளோடு சேர்ந்து சிரித்தது. ஆஷ்லி பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி!" என்று கூப்பிட்டாள் பிரிஸில்லா, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஒரு வருஷத்துக்கப்புறம் வருகிற முதல் வார்த்தை. "நியாயமாத்தான் ஜெயிச்சீங்க. பரிசை வாங்கிக்குங்க. ஆனா ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்லதான்."

"வாடி" என்றாள் டோரதி. "மத்தியானப் பிரியாணியில உனக்குக் கால் பீஸு எடுத்து வெச்சிருக்கேன்."

"நான் வருவேன்னு தெரியுமா?"

"வரலன்னா நானே தின்னுடலாம்னு பாத்தேன்."

*

சாயங்காலம் ஒக்கலிபுரத்து வீட்டில் நாற்காலி போதவில்லை. கூடத்தில் ஓஸ்வால்ட் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜாய்சன் லேப்டாப்பைத் திறந்து ஆஞ்சலாவின் பக்கத்தை வரி வரியாகப் படித்தான். நடுநடுவே "இதை ஏன் இப்படி எழுதின?" என்று கேட்டான். கேட்ட தோரணையில் காலையில் இருந்த டீம் லீட் இல்லை. நம்பர் மாறினால் ஏன் மாறிற்று என்று திரையில் ஒரு வரி வருகிற மாதிரி இரண்டு பேருமாகச் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஆஞ்சலா காப்பி போட உள்ளே போனாள். பால் பொங்கி வருகிற நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம். பிரிஸில்லா அத்தை.

"சர்க்கரை கம்மியா அத்தை?"

அத்தை கதவைச் சாத்தினாள். ஆஞ்சலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஹாலில் வில்லையைப் பிடித்த அதே கை.

"உங்க மாமனாரை அத்தனை பேர் முன்னாடி மைக்ல சொல்ல வெச்சவ நீ. அதான் உன்கிட்ட சொல்றேன். இதை மட்டும் யாரையும் மைக்ல சொல்ல வெச்சுடாத."

"என்ன அத்தை?"

"பொம்மனஹள்ளி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள. வேற இடம் பாத்தாச்சுன்னு ஆஷ்லிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். பாக்கல. ஹவுஸி ஆடவா இவ்வளவு தூரம் வந்தேன்? இங்க கொஞ்ச நாள் தங்கலாமான்னு அண்ணன்கிட்டக் கேக்கலாம்னுதான் வந்தேன். இப்ப அவர் மூஞ்சைப் பாத்தா... இன்னிக்குத்தான் சிரிக்கறாரு. வாய் வரல."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆஞ்சலா அணைக்கக் கையை நீட்டினாள். அத்தை மணிக்கட்டை விடவில்லை.

கூடத்திலிருந்து டோரதியின் குரல் வந்தது.

"ஆஞ்சலா! பால் தீயற வாசனை வருது. ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு அங்க என்னடி குசுகுசுன்னு?"